இடாப்பின்படி நான் வராத நாளில்லை

மகளே,

நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்குப் பதினேழு வயது முடிந்து நான்கு மாதம்தான் ஆகிறது. நீ பிறந்து, வளர்ந்து, எந்தக் காகிதத்திலும் உன் பெயரை நீயே கையெழுத்திடும் வயதுக்கு வந்த பிறகுதான் இதை உன்னிடம் தருவேன். அதுவரை என் அம்மாவுக்கும் தெரியக்கூடாது, எனக்குக் கணவனாக வரப்போகிற மனிதருக்கும் தெரியக்கூடாது. ஒரு தாய் மகளுக்கு நீளமாகக் கடிதம் எழுதுவது வழக்கமாக அவள் கலியாணம் முடித்துப் போகும்போதுதான். நான் இவ்வளவு முந்திக்கொண்டு, போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் எழுதுவதற்குக் காரணம், இன்றைக்கு நான் செய்த காரியத்தின் காரணத்தை உயிரோடு இருக்கிற ஒருவரிடமும் சொல்ல முடியாது என்பதுதான். சொன்னால் ஒரு மனிதருக்கு வேலை போகும், எனக்குப் பரீட்சை போகும். ஆகவே பிறக்காத ஒருத்தியிடம் சொல்கிறேன். நீயாவது போய் யாரிடமும் கோள் மூட்ட மாட்டாய். பயத்தில் என் பெயரையும் பாடசாலையின் பெயரையும் எங்கேயும் எழுதவில்லை.

உன்னிடம் மற்றவர்கள் வேறு கதை சொல்வார்கள். உன் அம்மாவுக்குத் தேசிய விருதுக்கு விண்ணப்பிக்க இடம் கிடைத்தது, கொழும்புக்குப் போய் நேர்முகப் பரீட்சைக்கு நிற்கப் பயந்து கடைசி நாளில் விலகிவிட்டாள், மீன்பிடிக்காரர் பிள்ளைக்கு அவ்வளவுதான் துணிவு என்பார்கள். அதைச் சொல்கிறவர் நன்றாக உடுத்தி, நன்றாகப் பேசுகிறவராக இருப்பார். நீ அவரை நம்பக்கூடும். நம்பினால் எனக்குக் கோபம் வராது, ஆனால் உன்னைக் கொஞ்சம் இளக்காரமாக நினைப்பேன். தேய்த்த சட்டை போட்டவர்கள் சொல்வதையெல்லாம் நம்புகிற நோய் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இருக்கிறது. உனக்காவது வரக்கூடாது.

அந்த விருது என்னவென்றால், நாடு முழுவதிலும் உயர்தரம் படிக்கிற பிள்ளைகளில் சிலரை ஒவ்வொரு வருடமும் தெரிவு செய்து, கொழும்பில் மேடையேற்றிப் பதக்கம் போடுகிறார்கள். ஒரு பாடசாலையிலிருந்து ஒரே ஒரு விண்ணப்பம்தான் போகலாம். படிவம் பதினான்கு பக்கம். பெறுபேறு, வரவு, தலைமைத்துவம், சமூக சேவை, நற்பண்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பகுதி. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பெரியவரின் முத்திரை. நற்பண்புக்குப் புள்ளி போட ஒரு பெட்டிகூட இருந்தது. நான் எவ்வளவு நல்லவள் என்பதை எங்கள் கிராமசேவகர் அதில் இலக்கத்தில் எழுதியிருந்தார். அவர் என்னை ஒரே ஒருதரம்தான் கண்டிருக்கிறார், அதுவும் அடையாள அட்டைப் படிவத்துக்குக் கையெழுத்து வாங்கப் போனபோது. அன்றைக்கும் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைசிப் பக்கத்தில் 'மேலே கூறப்பட்ட யாவும் உண்மையென உறுதியளிக்கிறேன்' என்று மாணவி கையெழுத்திட ஒரு கோடு. பதினான்கு பக்கத்திலும் என் கை படவேண்டிய இடம் அது ஒன்றுதான். மிச்சமெல்லாம் பெரியவர்கள் என்னைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொண்டது.

வகுப்பில் இதற்குத் தகுதியானவர்கள் இரண்டு பேர். நான் ஒருத்தி, சிபானா மற்றவள். சிபானா நுரைச்சோலையிலிருந்து பஸ்ஸில் வருகிறவள், வாப்பாவுக்கு மிளகாய்த் தோட்டம். சாதாரண தரப் பரீட்சையில் இரண்டு பேருக்கும் ஒரே பெறுபேறு. பேச்சில் அவள் கெட்டிக்காரி, கட்டுரையில் நான். ஆகவே பாடசாலை அதிபர் எங்கள் வரவை எடுத்துப் பார்த்தார். சிபானாவுக்குப் போன வருடம் டெங்கு வந்து இருபத்தொரு நாள் படுக்கை, மூன்று கிழமை வரவில்லை. எனக்கோ நான்கு வருடத்தில் ஒரு நாள்கூடத் தவறவில்லை. காலைக் கூட்டத்தில் அதிபர் என்னை முன்னால் கூப்பிட்டு, மழை வெயில் பாராமல் வந்த பிள்ளை என்று மைக்கில் புகழ்ந்தார். நான் தலை குனிந்து நின்றேன். அடக்கம் என்று நினைத்தார்கள். நான் வாடியிலிருந்து திரும்பி வந்து அன்றைக்குப் பத்தாவது நாள்.

நீ வேறெங்காவது பிறந்திருந்தால் வாடி என்றால் தெரியாது. சோளகக் காற்று ஓய்ந்து கடல் படுத்ததும் எங்கள் கரையில் பாதிக் குடும்பங்கள் கற்பிட்டிக்கு அப்பால் இருக்கிற ஒரு தீவுக்குப் போய்விடும். தென்னோலைக் கிடுகால் வாடி என்கிற குடிசை போட்டு, நவம்பரிலிருந்து மார்ச் வரை அங்கேயே தங்கித் தொழில் செய்வார்கள். அப்பா கடலுக்குப் போவார். அம்மா வள்ளத்து ஆட்களுக்குச் சமைப்பாள், கருவாடு காயப்போடுவாள். வளர்ந்த பெண்பிள்ளையைத் தனியாக விட முடியாது என்று ஒன்பதாம் வகுப்பிலிருந்து என்னையும் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். போவதற்கு முதல், வாடிக்குப் போகிற தாய்மார் ஒரு பின்னேரம் பாடசாலைக்கு வருவார்கள். வகுப்பாசிரியரின் மேசைக்குப் பக்கத்தில் நின்று எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். "சேர், நாங்க வாடிக்குப் போறம். பிள்ளைய கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்க." பிள்ளையைக் கையோடு கூட்டிக்கொண்டு போகிற தாய், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறாள். எங்கள் ஜெரோம் சேர் ஓம் என்று தலையாட்டுவார். நாளைக்கு வரவு இடாப்பைக் கூப்பிடும்போது இந்தப் பிள்ளையின் பெயருக்கு நேரே வரவில்லை என்ற சைபர் விழாது என்பதுதான் அந்தத் தலையாட்டல். சைபர் கூடினால் பிள்ளை உயர்தரப் பரீட்சைக்குத் தோற்ற முடியாது. பிள்ளைகளின் தொகை குறைந்தால் பாடசாலைக்கு ஆசிரியர் குறையும். அதிபருக்குத் தெரியும், வலயக் கல்விக் கந்தோர் அதிகாரிகளுக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்த பொய்க்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் நடைமுறை.

நான் வாடியில் இருந்துகொண்டே படித்தேன். சிபானா ஒவ்வொரு நாளும் தன் பாடக் கொப்பியைப் போனில் படம் எடுத்து அனுப்புவாள். தீவில் சிக்னல் கிடைப்பது ஒரே ஒரு மணல் மேட்டில். பின்னேரம் அதில் ஏறி நின்று படங்களை இறக்கி, இறங்கி வந்து எழுதுவேன். அவளுக்குக் காய்ச்சல் வந்த மூன்று கிழமையும் எனக்கும் பாடமில்லை. அந்த மூன்று கிழமையைக் காட்டித்தான் அதிபர் அவளைத் தள்ளி என்னை எடுத்தார். இதை விளக்கி எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனால் அன்றைக்கு வெட்கப்படவில்லை. என்னைத் தெரிவு செய்த பிறகு வந்த இரண்டு கிழமையும் உன் அம்மா மிகவும் சந்தோசமாக இருந்தாள். நடக்கும்போதே பதக்கம் கழுத்தில் ஆடுவதுபோல நடந்தாள். அம்மாவும் நானும் திரும்பிய பிறகும் தொழிலை முடித்து வர வாடியில் தங்கிவிட்ட அப்பாவுக்குப் போனில் சொன்னபோது, அவர் போனைச் சத்தமாக வைத்து, ஆட்கள் எல்லோருக்கும் இன்னொருதரம் சொல்லச் சொன்னார். நான் சொன்னேன், குரலை உயர்த்தி, ஒரு நாளும் தவறாத வரவு என்ற வசனத்தையும் விடாமல். அந்த வாடியில் என்னோடு நான்கு மாதம் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளியவர்கள் அதைக் கேட்டுக் கைதட்டினார்கள். ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. எங்கள் ஆட்களின் மரியாதை அப்படி. அரசாங்கக் காகிதம் ஒன்றைச் சொன்னால், தங்கள் கண் கண்டதைத் தாங்களே ஒளித்துவிடுவார்கள்.

படிவத்தோடு ஒரு கட்டுரையும் வைக்க வேண்டும். நான் எழுதியதை அதிபர் வாசித்துவிட்டு, இதில் கஷ்டம் போதாது என்றார். அப்பாவுக்குச் சொந்தமாக வள்ளம் இருப்பதை வெட்டினார். வீட்டில் கரண்ட் இருப்பதை வெட்டினார். குப்பி விளக்கில் படித்தேன் என்று எழுதச் சொன்னார். எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் மின்சார நிலையத்தின் புகைபோக்கி தெரியும் சேர் என்று சொல்ல வாய் வந்தது, ஆனால் குப்பி விளக்கையே எழுதினேன். நேர்முகப் பரீட்சையில் அம்மாவைப் பற்றிக் கேட்டால் கண் கலங்கினால் நல்லது, ஆனால் அழுதுவிடாதே என்றும் சொல்லித் தந்தார். கொழும்பில் இருக்கிறவர்களுக்கு எந்த அளவு கண்ணீர் பிடிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நான் அதையும் குறித்துக்கொண்டேன்.

பிறகு எல்லா முத்திரையும் விழுந்த கோப்பை என்னிடம் தந்து, கடையில் மூன்று பிரதி எடுத்து வரச் சொன்னார். பிரதி எடுக்கிற தம்பி ஒவ்வொரு தாளாக வைக்க, நான் ஒவ்வொன்றாகத் திருப்பி வாங்கி வாசித்தேன். அந்தக் கோப்பை முதலிலிருந்து கடைசி வரை வாசித்த முதல் ஆள் நான்தான் என்று அப்போது விளங்கியது. ஏழாம் பக்கம் வரவுச் சான்றிதழ். பாடசாலை நடைபெற்ற எல்லா நாட்களிலும் சமுகமளித்துள்ளார், ஜெரோம் சேரின் கையெழுத்து, அதிபரின் முத்திரை, வலயக் கந்தோரின் முத்திரை. எட்டாம் பக்கம் எங்கள் பங்குக் கோயில் பாதர் தந்த சமூக சேவைக் கடிதம். நான்கு வருடமாக நவம்பர் தொடக்கம் மார்ச் வரை பெற்றோருடன் தீவில் தங்கியிருந்து, வாடிப் பிள்ளைகளுக்குக் கிழமை நாட்களில் காலை எட்டு மணியிலிருந்து பதினொரு மணி வரை சிற்றாலயத்தில் எழுத்தும் கணக்கும் கற்பித்து வந்தார் என்று எழுதி, மனம் நிறைந்து பாராட்டியிருந்தார். அதற்கும் அதிபரின் முத்திரை, வலயக் கந்தோரின் முத்திரை. ஏழாம் பக்கத்தில் நான் வகுப்பில் இருக்கிறேன், எட்டாம் பக்கத்தில் அதே நாள் அதே நேரம் தீவில் இருக்கிறேன். இரண்டையும் ஒரே கிளிப்பில் குத்தியிருந்தார்கள். ஐந்து பெரியவர்கள் கையெழுத்து வைத்த கோப்பு.

மகளே, எட்டாம் பக்கம் உண்மை. முழுக் கோப்பிலும் உண்மையான பக்கம் அது ஒன்றுதான். அந்தத் தீவில் பதினொரு பிள்ளைகள். எனக்குப் பொழுது போகாமல்தான் தொடங்கினேன், சேவை என்று நினைத்துச் செய்யவில்லை. மீன்பெட்டி மூடியில் கரித்துண்டால் எழுதிப் படித்தார்கள். இந்த வருடம் அவர்களில் ஏழு பேர் தாங்களாகவே பத்திரிகை வாசித்தார்கள், கருவாடு சுற்ற வந்த பழைய பத்திரிகைதான். அதற்காக யாராவது எனக்கு ஒரு பதக்கம் தந்திருந்தால் கூச்சமில்லாமல் வாங்கியிருப்பேன்.

நான் கோப்பை முதலில் ஜெரோம் சேரிடம்தான் காட்டினேன். வாசித்துவிட்டு அவர் கதிரையில் இருந்துவிட்டார். சேர் கெட்டவர் இல்லை. அவர் போட்ட பொய்யால்தான் நான் இவ்வளவு தூரம் படித்திருக்கிறேன். ஆனால் அந்த நிமிடம் அவர் என்னைப் பார்த்த பார்வையில், வாசிக்கத் தெரிந்த ஒரு பிள்ளையை ஏன் வளர்த்தோம் என்ற கேள்வி இருந்தது. அவர் அதிபரிடம் கொண்டுபோனார். அதிபர் சிரித்தார். "இத யார் வாசிக்கப் போறாங்க? வாசிச்சாலும் பரவாயில்ல, பாதர்ட கடிதத்தில ஒரு சொல்ல மாத்தினா சரி." கிழமை நாட்கள் என்பதை வார இறுதி என்று மாற்றுவது, தங்கியிருந்து என்பதைச் சென்று என்று மாற்றுவது, இவ்வளவுதான் வேலை. இடாப்பைத் தொட முடியாதாம், அது அரசாங்கப் பதிவு. உண்மையைத் தொடலாம், அது வெறும் கடிதம்.

அதிபர் சொல்லி அனுப்ப, அம்மா போய்ப் பாதரிடம் கேட்டாள். அம்மாவுக்கு இதில் ஒரு பிழையும் தெரியவில்லை. நல்ல காரியத்துக்கு ஒரு சொல்தானே என்றாள். பாதர் மறுப்பார் என்று நான் எண்ணியிருந்தேன், அவருக்காகவே கொஞ்சம் பயந்தும் இருந்தேன். அவர் இதற்கென்ன மகள் என்று சொல்லி, அம்மா நிற்கும்போதே கம்பியூட்டரில் மாற்றி அச்செடுத்துக் கொடுத்துவிட்டாராம். ஆசீர்வாதமும் கொடுத்தாராம். நான்கு வருடக் காலைகள் போய், எந்த மனிதராலும் முடியாத ஒரு வார இறுதி வந்தது. வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டு, கற்பிட்டிக்குப் போய், வள்ளம் ஏறி, இருட்டில் தீவுக்குப் போய், ஞாயிறு திரும்பி வருகிற ஒரு பிள்ளை. அப்படி ஒருத்தி இருந்தால் அவளைப் பதக்கம் போட்டுப் பாராட்டக் கூடாது, வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

இன்றைக்குத்தான் கையெழுத்து வைக்க வேண்டிய கடைசி நாள். நேற்று முழுவதும் யோசித்தேன். உண்மையை அப்படியே படிவத்தில் எழுதிவிடலாம் என்றும் நினைத்தேன். எழுதினால் முதலில் போவது ஜெரோம் சேர். பிறகு என் பரீட்சை, பிறகு வாடிக்குப் போகிற மற்றப் பிள்ளைகளின் பரீட்சை. அதிபருக்கும் வலயக் கந்தோருக்கும் ஒன்றும் நடக்காது, அவர்கள் அதிர்ச்சியடைந்ததாக ஒரு கடிதம் எழுதிவிடுவார்கள். மற்றவர்களின் சோற்றில் கைவைத்து நான் உத்தமியாகிக் காட்டுவதும் பதக்கம் வாங்குகிற இன்னொரு வழிதான். அதனால் வெறுமனே விலகுவது என்று முடிவு செய்தேன். விலகும்போது காரணம் சொல்ல முடியாது என்பது அதிபரின் அறைக்குள் போன பிறகுதான் உறைத்தது.

எனக்கு வேண்டாம் சேர் என்றேன். ஏன் என்று கேட்டார். ஜெரோம் சேர் பக்கத்தில் நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பயமா இருக்கு சேர்" என்றேன். அதிபரின் முகம் இளகியது, ஏனென்றால் அது அவர் எதிர்பார்த்திருந்த பதில். கரைப் பிள்ளைகளுக்கு இது ஒரு வியாதி, மேடை வரை கொண்டுவந்து நிறுத்தினாலும் ஓடிவிடுவார்கள் என்று ஜெரோம் சேரிடம் சொன்னார், நான் அங்கே இல்லாததுபோல. நாளைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். ஜெரோம் சேருக்கு உண்மைக் காரணம் தெரியும். அவர் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அவர் எனக்காகக் கதவைத் திறந்துவிட்டார், அவ்வளவுதான்.

வெளியே சிபானா நின்றாள். அவளைக் கூப்பிட்டிருந்தார்கள், என் இடத்துக்கு. நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன். மகளே, அந்தச் சிரிப்பை உனக்கு நான் மறைக்கக் கூடாது. நான் அவளுக்கு ஒரு பெரிய தானம் செய்ததுபோலச் சிரித்தேன். கடைசியில் உண்மையாக வந்தவளுக்கே போகிறது, அவளுடைய மூன்று கிழமைச் சைபரோடு போகிறது என்று எனக்குள் ஒரு பெருமை. அவள் உள்ளே போய் வரும்வரை காத்து நின்றேன். பத்து நிமிடத்தில் வந்தாள், கையில் வெற்றுப் படிவம். விண்ணப்பம் பலமாக இருக்க வேண்டும் என்பதற்காக அந்த மூன்று கிழமையையும் ஜெரோம் சேர் திருத்தித் தருவாராம். புது வரவுச் சான்றிதழ் பின்னேரத்துக்குள் ரெடியாம்.

"நீ என்ன சொன்னாய்?" என்று கேட்டேன்.

"ஓம் எண்டு சொன்னேன்."

"அது பொய் சிபானா. நீ டெங்கில கிடந்தாய்."

அவள் கோபப்படவில்லை. படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னாள். "உனக்கு நாலு வருசமாத் திருத்தின நேரம் நான் ஒண்டும் சொல்லல்லயே புள்ள. எனக்கு மூணு கிழமைக்கு நீ ஏன் கதைக்கிறாய்?"

பஸ் வந்துவிட்டது, அவள் போய்விட்டாள். இத்தனை பக்கமாக ஒவ்வொருவரையும் நான் ஏளனம் செய்துகொண்டு வந்தேன். கிராமசேவகரை, அதிபரை, பாதரை, என் சொந்த ஆட்களை. அவளை ஏளனம் செய்ய மட்டும் எனக்கு உரிமை கிடைக்கவில்லை. அவளுடைய கொப்பியில் படித்து, அவளுடைய காய்ச்சலை மிதித்து ஏறி, இறங்கும்போது அவளுக்கு ஒழுக்கம் படிப்பிக்கப் பார்த்தேன்.

நான் கையெழுத்து வைக்காததால் இந்த நாட்டில் ஒரு பொய்யும் குறையவில்லை. அது ஆளை மாற்றிக்கொண்டு அதே கோப்பில் கொழும்புக்குப் போகிறது. அதில் இருக்கிற பெயர் என்னுடையது இல்லை, அது மட்டும்தான் எனக்கு மிச்சம். இவ்வளவு சின்ன மிச்சத்துக்காக விடிந்ததும் அம்மாவிடம் ஏச்சும் அடியும் வாங்கப் போகிறேன். அதைப் பொறுத்துக்கொள்ளலாம், அம்மாவின் கை சீக்கிரம் ஓய்ந்துவிடும். அப்பா நாளை மறுநாள் வாடியிலிருந்து வருகிறார், கொழும்புக்குப் போட என்று வாங்கிய சட்டையோடு. அவர் அடிக்க மாட்டார். ஏன் மகள் என்று ஒருதரம் கேட்பார். ஜெரோம் சேரின் பெயரை அப்பாவிடம் சொன்னால் அது அன்றைக்கே கரை முழுவதும் போய்விடும், அதனால் அவரிடமும் பயந்துவிட்டேன் என்றே சொல்ல வேண்டும். அவர் என்னை நம்புவார். தன் மகள் பயந்தவள் என்று ஒரு நொடியில் நம்பி, பரவாயில்லை என்று தலையைத் தடவுவார். நான் பேசாமல் நிற்க வேண்டும்.

உன் அம்மா